பட்டப்படிப்பில் உயிரியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியலில் இளநிலைப் பட்டம் படிக்க யோசிக்கிறவர்களும், சேர்ந்துவிட்டுத் திணறுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. பயாலஜின்னாலே மனப்பாடம்தானே? ஞாபகசக்தி இருந்தா பாஸ் பண்ணிடலாம்ல?

முதல் ஆண்டில் ஓரளவு சரி. உறுப்புகள், திசுக்கள், வகைப்பாட்டுப் பெயர்கள் என்று மழையாகக் கொட்டும். படித்தே ஆக வேண்டும். அதற்கு மேல் போகப் போகக் கேள்வியின் தன்மையே மாறிவிடும். "ஏடிபி உருவாகும் படிகளை எழுதுக" என்பது போய், "மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி சிந்தேஸை ஒலிகோமைசினால் அடைத்தால் ஆக்சிஜன் செலவு கூடுமா, குறையுமா? பிறகு டைநைட்ரோபீனால் சேர்த்தால்?" என்று வரும். (ஏடிபி என்பது செல் ஆற்றலுக்காகச் செலவிடும் மூலக்கூறு; ஏடிபி சிந்தேஸ் அதை உருவாக்கும் நொதி.)

படிகளை ஒப்பித்தவர் இங்கே நின்றுவிடுவார். ஏடிபி சிந்தேஸ்தான் புரோட்டான்கள் திரும்பி வரும் வழி. அது அடைபட்டால் அவை உள்சவ்வுக்கு வெளியே தேங்கும். எலக்ட்ரான் கடத்தல் திணறும். ஆக்சிஜன் செலவு விழும். டைநைட்ரோபீனால் புரோட்டான்களுக்கு வேறு வழி திறந்துவிடுகிறது. ஆக்சிஜன் செலவு மறுபடி ஏறும், ஆனால் ஏடிபி கிடைக்காது. எது தடைபட்டால் எது தேங்கும் என்று கேட்டுக்கொண்டே படித்தால் படிகளும் தானாக நினைவில் நிற்கும்.

2. கணக்குக்குப் பயந்துதான் பயாலஜி பக்கம் வரேன். தப்பிச்சிடலாமா?

முடியாது. இந்தப் படிப்பில் பெயர் மறந்து மதிப்பெண் இழப்பவர்களைவிடக் கணக்கில் இழப்பவர்களே அதிகம் என்பது எங்கள் கணிப்பு. ஆறுதல் என்னவென்றால், தேவைப்படுவது உயர்கணிதம் அல்ல. விகிதம், அலகு மாற்றம், மடக்கை, நிகழ்தகவு, புள்ளியியல் இவ்வளவுதான். வகையீடு கொஞ்சம் மட்டும், நொதிகளின் வேகத்திலும் தொகைப் பெருக்கத்திலும் தலைகாட்டும்.

மடக்கை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இரத்தத்தின் பி.எச். 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் "0.3 தானே" என்று தோன்றும். உண்மையில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு இரண்டு மடங்காகிவிட்டது. அந்த நோயாளி ஆபத்தில் இருக்கிறார். மில்லி, மைக்ரோ, நானோ மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றத் தெரிய வேண்டும். இதில் ஒரு வழுக்கல் என்றால் விடை ஆயிரம் மடங்கு தவறும்.

3. கெமிஸ்ட்ரியை விட்டுட்டேன். சமாளிக்க முடியுமா?

முழுப் பாடமும் வேண்டாம். மோல், அமில-காரச் சமநிலை, பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்), ஹைட்ரஜன் பிணைப்பு, நீர்வெறுப்பு விளைவு, வினைத்தொகுதிகள், ஆக்சிஜனேற்ற-ஒடுக்கம், கட்டிலா ஆற்றல் ஆகியவை கட்டாயம். சேருவதற்கு முன் இரண்டு மூன்று மாதம் உட்கார்ந்தால் பிடித்துவிடலாம். இவை இல்லாமல் உயிர்வேதியியல் வகுப்பில் உட்கார்ந்தால் அம்புக்குறிகள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

4. பயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி... எதை எடுக்கறது?

பட்டத்தின் பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு பாடம் நடத்தும். பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: கடைசி இரண்டு ஆண்டுகளில் என்னென்ன தாள்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப், இறுதி ஆண்டில் தனி புராஜெக்ட் உண்டா. லேப் நேரம் குறைவாக இருந்தால், பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் யோசியுங்கள்.

பொதுவாக, உயிரியல் பட்டம் மூலக்கூறு முதல் சூழல் மண்டலம் வரை அகலமாகப் போகும். மற்ற மூன்றும் ஒரு பக்கம் ஆழமாகப் போகும். எது பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவர்களுக்கு அகலமானதே நல்லது.

5. இந்தப் பட்டத்தை மட்டும் வெச்சு என்ன வேலை கிடைக்கும்?

மருத்துவம், செவிலியம் போல இந்தப் பட்டம் நேரடியாக ஒரு தொழில் உரிமத்தைத் தராது. அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். பட்டத்தோடு போகக்கூடியவை ஆய்வக உதவியாளர், உணவு மற்றும் மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாடு, மருந்துப் பரிசோதனைத் தரவுப் பணி, சூழல் கணக்கெடுப்பு போன்றவை. கற்பித்தலுக்குத் தனிப் பயிற்சியும், ஆராய்ச்சிக்கு மேற்படிப்பும் தேவைப்படும்.

வேலைக்கு எடுப்பவர்கள் "பிசிஆர் (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் உத்தி) தெரியுமா?" என்று கேட்பதைவிட "கையால் செய்திருக்கிறீர்களா, வராதபோது என்ன செய்தீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். முதல் ஆண்டிலிருந்தே செய்த உத்திகளைப் பட்டியல் போட்டு வையுங்கள். பார்த்தது வேறு, செய்தது வேறு, இரண்டையும் கலக்காதீர்கள்.

6. மைக்ரோஸ்கோப்புல எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் ஒண்ணுமே தெரியலை. ஏன்?

எப்போதும் 4 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள். பெரிய திருகால் தெளிவாக்கி, பார்க்க வேண்டியதை நடுவுக்குக் கொண்டுவந்து, 10-க்கும் பிறகு 40-க்கும் மாறுங்கள். 40-ல் சிறிய திருகை மட்டும் தொட வேண்டும். பெரிய திருகைத் திருப்பினால் ஸ்லைடு உடையும், லென்ஸும் கீறும். கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு என்பதால் மொத்தம் 40, 100, 400 மடங்கு என்று வரும். 100 மடங்கு லென்ஸுக்கு எண்ணெய்ச் சொட்டு வேண்டும். அந்த எண்ணெய் பக்கத்து 40 லென்ஸில் பட்டுவிட்டால் அடுத்தவருக்கு நாள் முழுக்க மங்கலாகத்தான் தெரியும்.

4-லும் 10-லும் தெரிந்து 40-ல் மட்டும் தெளிவாகவே வராவிட்டால், ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த லென்ஸ் ஸ்லைடிலிருந்து அரை மில்லிமீட்டர் அளவு தூரத்தில்தான் குவியும். கண்ணாடியின் தடிமனே சுமார் 1 மில்லிமீட்டர். சாயம் ஏற்றாத செல்கள் தெரியவில்லை என்றால் வெளிச்சம் அதிகம் என்று பொருள். வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் உதரவிதானத்தைச் சுருக்கினால் விளிம்புகள் எழும். கறுத்த தடித்த விளிம்போடு கச்சிதமான வட்டமாக ஒன்று தெரிகிறதா? காற்றுக் குமிழி. வருடா வருடம் யாராவது அதைச் செல் என்று வரைந்துவிடுவார்கள். கவர்ஸ்லிப்பைச் சாய்வாக வைத்து ஒரு விளிம்பிலிருந்து மெதுவாக இறக்கினால் குமிழி வராது.

படத்தின் பக்கத்தில் "400 மடங்கு" என்று எழுதுவதும் தவறு. அது நீங்கள் பார்த்த உருப்பெருக்கம். வரைந்ததன் உருப்பெருக்கம் வேறு. 0.3 மில்லிமீட்டர் செல்லை 60 மில்லிமீட்டர் நீளத்துக்கு வரைந்திருந்தால் படம் 200 மடங்கு.

7. பிப்பெட் பிடிக்க ஒரு தனி வகுப்பா?

ஆமாம், அவசியம். மைக்ரோபிப்பெட்டின் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு. முதல் நிறுத்தம் வரை அழுத்தி, டிப்பை 2-3 மில்லிமீட்டர் மட்டும் திரவத்தில் அமிழ்த்தி, நேராகப் பிடித்து, மெதுவாக விட வேண்டும். வெளியேற்றும்போதுதான் இரண்டாம் நிறுத்தம். இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்திவிட்டு உறிஞ்சினால் அளவு கூடிவிடும். புதியவர்களின் முக்கால்வாசிப் பிழை இதுதான். பொத்தானைச் சட்டென்று விட்டால் காற்று ஏறும், அளவு குறையும். டிப்பில் திரவம் இருக்கும்போது பிப்பெட்டைப் படுக்க வைத்தால் திரவம் உள்ளே ஓடிக் கருவி கெடும்.

கை சரியா என்று பார்க்க எளிய வழி: 200 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை தராசில் விட்டு எடை பாருங்கள். ஒவ்வொன்றும் 0.2 கிராமுக்கு மிக அருகில் வர வேண்டும். எடைகள் மேலும் கீழும் சிதறினால் பிழை உங்கள் கையில். பத்தும் ஒரே மாதிரி கூடவோ குறையவோ இருந்தால் பெரும்பாலும் கருவியைத்தான் அளவு திருத்த வேண்டும்.

8. சொல்யூஷன் தயாரிக்கற கணக்கு ஒவ்வொரு தடவையும் குழப்புது. ஒரே மாதிரி செய்ய வழி இருக்கா?

மூலக்கூறு எடை × மோலாரிட்டி × லிட்டர். 0.5 மோலார் சோடியம் குளோரைடு 250 மில்லிலிட்டர் வேண்டுமானால் 58.44 × 0.5 × 0.25 = 7.305 கிராம். இதை 200 மில்லிலிட்டர் அளவு நீரில் கரைத்து, அளவுக் குடுவையில் ஊற்றி, பீக்கரைக் கழுவிய நீரையும் சேர்த்து, 250 கோடு வரை நிரப்ப வேண்டும். 250 மில்லிலிட்டர் நீரை முதலிலேயே ஊற்றி அதில் உப்பைப் போட்டால் மொத்தக் கன அளவு கூடிவிடும்.

டப்பாவின் லேபிளையும் படியுங்கள். நீரற்ற காப்பர் சல்பேட்டின் மூலக்கூறு எடை 159.6, ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த நீலப் படிகத்துக்கு 249.7. முதல் எண்ணைப் போட்டுக் கணக்கிட்டு நீலத்தை எடை போட்டால், 0.1 மோலார் என்று நினைத்தது 0.064 மோலார்தான். டிரிஸ் பஃபரில் இன்னொரு பொறி: ஒரு டிகிரி குளிர்ந்தால் பி.எச். சுமார் 0.03 ஏறும். 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்து 4 டிகிரி அறையில் பயன்படுத்தினால் அங்கே அது 8.6-ஐ நெருங்கியிருக்கும்.

படிப்படியாக நீர்க்கச் செய்வதும் இதே கணக்குதான். 1 மில்லிலிட்டரை 9 மில்லிலிட்டரில் சேர்த்தால் பத்தில் ஒன்று. அப்படி ஐந்து முறை செய்தால் லட்சத்தில் ஒன்று. அதிலிருந்து 0.1 மில்லிலிட்டரைப் பெட்ரி தட்டில் பரப்பி 84 காலனி வந்தால், மூலத்தில் மில்லிலிட்டருக்கு 8.4 கோடி பாக்டீரியா. அந்த 0.1-ஐ மறந்து 84 லட்சம் என்று எழுதுபவர்கள் ஏராளம். 30 முதல் 300 காலனி வரை உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு படிக்கும் புது டிப் போடாவிட்டால் முந்தைய படியின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வந்து எண்ணிக்கையைக் கூட்டும்.

9. ரெக்கார்டு நோட்டை அப்புறமா உட்கார்ந்து அழகா எழுதினா போதாதா?

போதாது. அளந்த கையோடு, பேனாவால், தேதி போட்டு எழுத வேண்டும். தவறினால் ஒற்றைக் கோடு. அழித்த எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் சில நேரம் அதுதான் சரியானதாக இருக்கும். துண்டுத் தாளில் குறித்துப் பிறகு நகலெடுப்பது என்றால், தாள் தொலையும் அல்லது எண் மாறும். எந்தக் கருவி, எந்தப் பாட்டில், அறை வெப்பநிலை என்ன என்பதும் இருக்கட்டும். நோட்டு அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை.

10. எல்லாருக்கும் ரிசல்ட் வந்திருக்கு, எனக்கு வரலை. பக்கத்து ஆளோடதை எழுதிடவா?

வேண்டாம். அது ஏமாற்று, மாட்டினால் பட்டமே போகலாம். அதோடு, வராத ரிசல்ட்டைச் சரியாக விளக்கினால் பல ஆசிரியர்கள் முழு மதிப்பெண் தருவார்கள். விளக்குவதற்குக் கன்ட்ரோல்கள், அதாவது விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகள், இருக்கின்றன. பிசிஆரில் உங்கள் மாதிரியிலும், கட்டாயம் வர வேண்டிய பாசிட்டிவ் கன்ட்ரோலிலும் பட்டை (ஜெல்லில் டி.என்.ஏ. தெரியும் கோடு) இல்லை என்றால் வேதிப்பொருள் அல்லது வெப்பச் சுழற்சியில் கோளாறு. பாசிட்டிவில் வந்து மாதிரியில் வராவிட்டால் சிக்கல் உங்கள் டி.என்.ஏ.வில். டி.என்.ஏ. சேர்க்காத குழாயிலும் பட்டை வந்தால் கலப்படம். அன்றைய எந்த முடிவையும் நம்ப முடியாது. 30 சுழற்சியில் ஒரு மூலக்கூறு கோட்பாட்டளவில் நூறு கோடிக்கு மேல் பெருகும், ஆகவே டிப் நுனியில் ஒட்டிய துளியே போதும்.

ஜெல்லில் எதுவுமே இல்லையா? முதலில் மின்முனைகளைப் பாருங்கள். டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்டது, நேர்மின்முனையை நோக்கி ஓடும். மாதிரி ஊற்றிய குழிகள் கறுப்பு ஒயர் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிச் சொருகினால் சில நிமிடங்களிலேயே நீலச்சாயம் பின்பக்கமாக நகர்வது தெரியும். மின்சாரத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

11. உயிரினங்களை அறுக்க மனசு வரலை. கட்டாயமா?

பல பல்கலைக்கழகங்களில் மாதிரி உருவங்கள், பதப்படுத்திய உறுப்புகள், கணினி வழிப் பயிற்சி என்று மாற்று உண்டு, சிலவற்றில் இல்லை. சேர்ந்த பிறகு சண்டை போடுவதைவிட, சேருவதற்கு முன்பே துறைக்கு எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். நிறக்குருடு உள்ளவர்களும் இதே மாதிரி முன்கூட்டியே சொல்லலாம். திசு ஸ்லைடுகளில் வரும் இளஞ்சிவப்பு-ஊதாச் சாயத்தை வடிவத்தையும் அடர்த்தியையும் வைத்து அடையாளம் காணப் பழகிக்கொள்ள முடியும்.

12. மரபியல்ல 3:1 வரணும், எனக்கு 2.96 வந்தா தப்பா?

மெண்டலுக்கே 2.96 தான் வந்தது. 7324 பட்டாணி விதைகளில் 5474 உருண்டை, 1850 சுருக்கம். 3:1 என்றால் 5493-ம் 1831-ம் வந்திருக்க வேண்டும். இரண்டிலும் வித்தியாசம் 19. எதிர்பார்த்ததும் கிடைத்ததும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனையில் 19-ன் வர்க்கமான 361-ஐ 5493-ஆலும் 1831-ஆலும் வகுத்துக் கூட்டினால் 0.26. ஒரு கட்டின்மைக்கு (வகைகள் இரண்டு, அதில் ஒன்று கழித்து) எல்லை 3.84. எனவே 3:1-ஐ மறுக்கக் காரணமில்லை.

எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைப் போட்டுச் செய்வதுதான் பெருந்தவறு. 74.7 சதவீதம் நூறு விதையில் வந்ததா, ஏழாயிரத்தில் வந்ததா என்பதைச் சோதனை அறிய வேண்டும். ஒரு தொகையில் அலீல்கள் (ஒரு மரபணுவின் மாற்று வடிவங்கள்) எவ்வளவு என்று பார்க்கும் ஹார்டி-வெயின்பர்க் கணக்கில் வேறொரு வழுக்கல்: பத்தாயிரத்தில் ஒருவருக்கு ஒடுங்குநிலை நோய் என்றால் அது அலீல் விகிதத்தின் வர்க்கம். வர்க்கமூலம் 0.01, நோயில்லாமல் அலீலைச் சுமப்பவர்கள் சுமார் ஐம்பதில் ஒருவர்.

13. ஒரு புக்ல குளுக்கோஸுக்கு 38 ஏடிபி, இன்னொண்ணுல 30. பரீட்சையில எதை எழுதறது?

கணக்கை எழுதுங்கள். குளுக்கோஸ் ஒன்றுக்கு 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2 (இரண்டும் எலக்ட்ரான் சுமப்பவை), நேரடியாக 4 ஏடிபி. பழைய புத்தகங்கள் என்ஏடிஎச் ஒன்றுக்கு 3 ஏடிபி, எஃப்ஏடிஎச்2 ஒன்றுக்கு 2 என்று வைத்ததால் 38. புரோட்டான் கணக்கை ஒட்டி 2.5-ம் 1.5-ம் என்று வைத்தால் 32. கிளைகாலிசிஸில் வந்த இரண்டு என்ஏடிஎச்-இன் எலக்ட்ரான்கள் கிளிசரால் பாஸ்பேட் வழியாக உள்ளே போனால் 30. எந்த அனுமானம் என்று சொல்லிவிட்டால் எந்த ஆசிரியரும் அடிக்க முடியாது.

புத்தகங்கள் மாறும் என்பதற்குப் பழகிக்கொள்ளுங்கள். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று பல ஆண்டுகள் அச்சிட்டார்கள். ஜியோ, லெவான் என்ற ஆய்வாளர்கள் 46 என்று காட்டியது 1956-ல்தான்.

14. ஃபீல்டு வொர்க்னா சுத்திப் பாக்கறதுதானே?

பார்ப்பதல்ல, மாதிரி எடுப்பது. செடிகளை எண்ணுவதற்கான அரை மீட்டர் சட்டத்தைச் செடி நிறைந்த இடமாகப் பார்த்து வைத்தால் முடிவை நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். தோளுக்குப் பின்னால் வீசுவதும் தற்செயல் ஆகாது. ஒரு பரப்பை அளந்து, சீரற்ற எண்களால் இடம் குறித்து வைக்க வேண்டும்.

அடையாளமிட்டு மீண்டும் பிடிக்கும் முறையில், 40 வண்டுகளுக்கு மை வைத்து விட்டு, அடுத்த முறை பிடித்த 50-ல் 10 மை வைத்தவை என்றால் மொத்தம் 40 × 50 ÷ 10 = 200. மை அழிந்துபோனாலோ, மை வைத்தவற்றைப் பறவைகள் எளிதாகக் கொத்தினாலோ மறுபடி கிடைப்பவை குறையும், மதிப்பீடு ஊதிவிடும்.

15. உரம் போட்ட மூணு செடியில பத்துப் பத்து இலை அளந்தேன். மாதிரி எண்ணிக்கை முப்பதுதானே?

மூன்று. உரம் போட்டது செடிக்கு, இலைக்கு அல்ல. ஒரே செடியின் பத்து இலைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒவ்வொரு செடிக்கும் சராசரி எடுத்து அந்த மூன்று எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். முப்பது என்று போட்டால் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு வருவதற்கான வாய்ப்பு) பொய்யாகச் சிறுத்துவிடும். சூழலியலாளர் ஹர்ல்பெர்ட் 1984-ல் இதைப் போலிப் பிரதி என்று பெயரிட்டுச் சாடினார். இன்றும் அச்சில் வருகிறது. பத்து இலைக்குப் பதில் பத்துச் செடி வளர்த்திருந்தால் அதே உழைப்பில் உண்மையான பத்து கிடைத்திருக்கும்.

எக்செலில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியைச் சீக்கிரமே பழகுங்கள். எக்செல் 'மார்ச்1', 'செப்ட்2' போன்ற மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-ல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது.

16. ஆய்வுக் கட்டுரையை மூணு தடவை படிச்சும் புரியலை. நான்தான் மக்கா?

வரிசை தவறு. முதல் வரியிலிருந்து படிக்காமல் சுருக்கம், பிறகு படங்கள் என்று போங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அச்சுகள் என்ன, கன்ட்ரோல் எது, மாதிரி எண்ணிக்கை எவ்வளவு, பிழைக்கோடு எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பின் செய்முறை, முடிவுகள். ஆசிரியர்களின் விளக்கம் கடைசியில். 15-ஆம் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் ஓட்டைகள் தெரிய ஆரம்பிக்கும்.

17. கடைசி வருஷ புராஜெக்ட்டுக்குத் தலைப்பை எப்படி முடிவு பண்றது?

கேள்வியைவிட நாட்காட்டியை முதலில் பாருங்கள். ஈ.கோலை பாக்டீரியா நல்ல ஊட்டத்தில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். பழ ஈயின் ஒரு தலைமுறை 25 டிகிரியில் சுமார் 10 நாள். ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸ் விதையிலிருந்து விதைக்கு ஆறு வாரம், சில நேரம் அதற்கும் மேல். பன்னிரண்டு வாரப் புராஜெக்ட்டில் அராபிடாப்சிஸை ஒரு முறை வளர்க்கலாம். அது பூஞ்சை பிடித்தால் கதை முடிந்தது. பழ ஈயில் இரண்டாம் தலைமுறை வரை போய், தவறினால் இன்னொரு முறையும் செய்யலாம். ஆனால் கலப்புக்கு வேண்டிய பெண் ஈக்களை வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரிக்க வேண்டும். தாமதித்தால் கலவி நடந்திருக்கும், அடுத்த தலைமுறை எண்கள் எதற்கும் உதவாது. இரவிலும் லேப் திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரத்தில் சின்ன அளவில் ஒரு முன்னோட்டம் செய்துவிடுங்கள். மாதிரிகளுக்குள் இயல்பாக எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று அதில்தான் தெரியும். அதை வைத்துத்தான் மாதிரி எண்ணிக்கையை முடிவு செய்ய முடியும். எந்தப் புள்ளியியல் சோதனை என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதி வழிகாட்டியிடம் காட்டுங்கள். எந்த வித்தியாசமும் இல்லை என்று முடிந்தால், 10-ஆம் கேள்வியில் சொன்ன கன்ட்ரோல்கள் சரியாக இருக்கும்பட்சத்தில், அதுவும் ஒரு முடிவுதான், அப்படியே எழுதுங்கள்.